புத்தகத்தில் ஓர் எஞ்சின், காரில் இன்னொன்று

வன்னியில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை விற்பவர் “எல்லாம் ஒறிஜினல்” என்று சொன்னால், ஜப்பான் எஞ்சின் ஏற்றவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். 1990க்குப் பிறகு பெற்றோல் கிடைக்காமல், உதிரிப்பாகம் வராமல், மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. ஒன்று ஓடுவதற்காக இன்னொன்றைப் பிரித்தார்கள். இருந்தாலும், ஒட்டுசுட்டானில் வாங்கிய இந்த 1960ஆம் ஆண்டு மைனரைத் திருத்தத் தொடங்கும் முன், தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சினும் கியர் பொக்ஸும்தான் இன்னும் இதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட நினைத்தேன்.

முதலில் செசி இலக்கம். பொனற்றுக்குள், பின்பக்கத் தடுப்பில் தறைந்திருக்கும் தகட்டின் மேல் யாரோ தாராளமாக வர்ணம் அடித்திருந்தார்கள். தின்னரால் துடைத்ததும் எம்ஏ2எஸ்3 என்ற எழுத்துகள் தெரிந்தன. எம் மொறிஸ், ஏ எஞ்சின் வகை, 2எஸ் இரண்டு கதவு சலூன். எனக்கு வேண்டியது கடைசி 3. அது இருந்தால் 948 சிசி எஞ்சினோடு வந்த கார். 1962இல் 1098 சிசி வந்தபின் அந்த இடத்தில் 5 வரும். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் 9எம் என்றுதான் தொடங்குகிறது. ஆகக் காரும் புத்தகமும் ஒத்துப்போகின்றன.

எஞ்சின்தான் ஒத்துப்போகவில்லை. அதன் இலக்கத் தகடு புளொக்கின் வலப்பக்கத்தில், டைனமோ பூட்டும் இடத்துக்கு மேலே இருக்கிறது. கிறீஸும் புழுதியும் சேர்ந்து இறுகியிருந்த படையைச் சுரண்டியபோது 9ஏ-யூ-எச் என்று வந்தது. 9 என்பது 948 சிசி. அடுத்த எழுத்து எந்தக் கம்பனியின் காருக்காகச் செய்தது என்று சொல்லும்: எம் என்றால் மொறிஸ், ஏ என்றால் ஆஸ்டின். யூ என்றால் தரையில் கியர் தடி உள்ள கியர் பொக்ஸ். எச் என்றால் உயர் அமுக்கம், அதாவது சிலிண்டருக்குள் எரிவாயுக் கலவையை அமுக்கும் விகிதம் 8.3க்கு 1, எல் என்றிருந்தால் 7.2க்கு 1.

தகடு வெறும் தகடுதான். தறையாணியைத் தட்டி எடுத்து வேறு புளொக்கில் அடிக்க அரை மணித்தியாலம் போதும். அதனால் இரும்பையே கேட்க வேண்டும். புளொக்கின் பக்கத்தில் வார்ப்பிலேயே 950 என்று புடைத்திருக்கிறது, அது 948இன் அடையாளம். 1098 என்றால் 1100 என்று இருக்கும். வார்ப்பில் உள்ள, மொறிஸ் குழுமத்தின் ‘மோவொக்’ முத்திரையைக் காட்டி இது மொறிஸ்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 1952இல் ஆஸ்டினும் மொறிஸின் தாய்க் குழுமமான நஃபீல்டும் இணைந்து பிஎம்சி என்ற ஒரே கம்பனி ஆனபின் ஆஸ்டின் எஞ்சின்களிலும் அந்த முத்திரை வந்தது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் வேலை சுவையானது. கராஜ் அண்ணை வேர்னியரை வைத்து அளந்து, “தம்பி, இது ஆயிரத்து நூறு எஞ்சின்” என்றார். சிலிண்டர் விட்டம் 64.4 மில்லிமீற்றர் காட்டியது. 1098இன் விட்டம் 64.58, 948இன் விட்டம் 62.9. அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல் தெரிந்தது. ஆனால் பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைத் துடைத்தபோது 060 என்ற எண் இருந்தது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். 62.9உடன் அந்த 1.5ஐக் கூட்டினால் 64.4 சரியாக வருகிறது.

கடைந்தால் விட்டம் மாறும். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மாறாது. அது கிராங் தண்டின் அளவு. மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் அளந்தோம்: 76.2. 1098 என்றால் 83.7 வந்திருக்க வேண்டும். அண்ணையும் ஒப்புக்கொண்டார். பழைய எஞ்சினுக்கு விட்டத்தை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி, குறிப்பாக எங்கள் பக்கத்தில். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். சுவர் விரைவாகத் தேயும். இங்கே கடையாத புளொக்கைக் காண்பது அரிது.

இன்னொன்றும் கிடைத்தது. ஹெட்டுக்கு அடியில் காஸ்கெற் ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. உயர் அமுக்கத்தில் மண்ணெண்ணெய் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். இடைவெளியைக் கூட்டி அமுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். தகட்டில் எச் என்று இருந்த எஞ்சினை யாரோ ஒரு கைகாரர் எல்லுக்குக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறார்!

காரை விற்ற ஐயாவிடம் போய்க் கேட்டேன். ஒளிக்கவே இல்லை. “பரந்தனில் ஓர் ஆஸ்டின் ஷெல்லில் அடிபட்டது. எஞ்சின் தப்பிவிட்டது. இடம்பெயர்வதற்கு முன் வாங்கிப் போட்டோம். நீர் கேட்கவில்லையே!” என்றார். எந்த இடப்பெயர்வு என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

கியர் பொக்ஸைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அதன் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதில்லை. வகையை மட்டும் பார்க்கலாம். வெளிக்கூடு வழுவழுப்பாக இருந்தால் 948க்கு உரியது, விலா விலாவாகப் புடைத்திருந்தால் 1098க்கு உரியது. இது வழுவழுப்பு. உள்ளே கிளச் தட்டு 6¼ அங்குலம், அதுவும் 948இன் அளவே. ஆனால் ஆஸ்டினிலும் இதே குடும்பத்துப் பெட்டிதான் இருந்தது; எஞ்சினோடு சேர்ந்து பரந்தனிலிருந்து வந்ததா என்று ஐயாவுக்கும் நினைவில்லை. பின் அச்சில் சிக்கல் இல்லை. இரண்டு சில்லுகளையும் ஜக்கில் தூக்கி, ஒருசேர ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத் தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்று மேலே போகிறது. 948 காருக்கு 4.55தான் கணக்கு.

இங்கிலாந்தில் கேய்டன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், பிஎம்சியின் உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. செசி இலக்கத்தை அனுப்பியிருக்கிறேன். கார் எந்த எஞ்சினோடும் எந்த நிறத்தோடும் வெளியே வந்தது என்று அதில் இருக்கும். அந்த 9எம் எஞ்சினைத் தேடிப் புறப்படும் எண்ணம் எனக்கில்லை. பரந்தன் ஆஸ்டினின் எஞ்சினே இதில் இருக்கட்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தை மாற்றிப் பதிய ஐயாவிடம் கடிதமும் வாங்கிவிட்டேன். காஸ்கெற் இனி ஒன்றுதான் போடுவேன், பெற்றோல் கிடைக்கிறது. கிளச் தட்டு மட்டும் இன்னும் அகப்படவில்லை. வவுனியாக் கடைகளில் கேட்டால் 7¼ அங்குலத்தையே எடுத்து நீட்டுகிறார்கள்.