கண்ணை மூடாமல் ஒரு தவம்

1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் பவானிசாகர். கொங்குநாட்டில் காலூன்றுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பேச்சில் ‘ங்க’ போடப் பழகினோம். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கப் பழகினோம். “உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டால் கதையை நீட்டாமல் பதில் சொல்லவும் பழகினோம். பழகாமல் போனது, அதிகாரிகள் வந்து ஆட்களை எண்ணிச் சரிபார்க்கிற முகாம் கணக்கெடுப்புத்தான். இத்தனை வருடமாகியும் அந்த நாள் நெருங்கினால் என் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம். என் தோளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

புளியம்பட்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தவள் இரவு எட்டரைக்குத்தான் எழுவேன், சாப்பாடு டீக்கு மட்டும் இடைவெளி. எங்கள் லைனில் கழுத்து வலிக்காத டெய்லர் கிடையாது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எலும்பில் கோளாறு இல்லை என்று மாத்திரை எழுதினார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. பக்கத்து மிஷின் அக்காதான், “வாங்க, சும்மா வந்து பாருங்க” என்று உடற்பயிற்சியும் தியானமும் சொல்லித்தருகிற மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிப் போனார்.

இந்தப் பக்கம் அதைக் கேள்விப்படாத ஆள் குறைவு. மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறில் அவருடைய அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்து, தறியில் உட்கார்ந்தவர். குனிந்தே வேலை செய்கிறவர்களின் முதுகு அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். அங்கே சொல்லித்தருகிற தத்துவம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை, ஒப்பவும் இல்லை. உடற்பயிற்சியின் கடைசியில் வருகிற உடல் தளர்த்துதலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். மல்லாந்து படுத்து, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வொரு பாகமாக நினைத்து இறுக்கத்தை விடவேண்டும். தோளுக்கு வந்தபோதுதான், படுத்த நிலையிலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றே தெரிந்தது.

ஆக்கினைத் தவம் வேறு கதை. கண்ணை மூடிப் புருவ மத்தியில் கவனம் வைக்கச் சொன்னார்கள். மூடின கண்ணுக்குள் கடல் வந்தது, ஹெலிகாப்டர் சத்தம் வந்தது, மூச்சு அடைத்தது. சொல்லித்தந்த அம்மா வயதானவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கண்ணைத் தொறந்துக்கோ கண்ணு. காலு தரையில படுதில்ல, அதையே பாரு. போதும்” என்றார். அன்றிலிருந்து நான் கண்ணைத் திறந்துதான் உட்காருகிறேன். போர் பார்த்தவர்கள், அடி வாங்கியவர்கள் யாராவது தியானம் தொடங்குவதாக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன். மூடித்தான் ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை. நெஞ்சு படபடத்தால் எழுந்து நடக்கலாம்.

மகள் பிசியோதெரபி படிக்கிறாள். “அம்மா, இதை அமெரிக்காவில் ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள்” என்று ஒருநாள் புத்தகத்தோடு வந்தாள். ஜான் கபட்-ஜின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், நாள்பட்ட வலிக்காரர்களுக்குச் சில வாரப் பயிற்சி தொடங்கினாராம். அதிலும் படுத்துக்கொண்டு உடம்பைப் பாகம் பாகமாகக் கவனிப்பது ஒரு முக்கியப் பகுதி. 2016இல் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 342 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. வழக்கமான வைத்தியத்தோடு மட்டும் இருந்தவர்களைவிட இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் அதிகம் பேருக்கு வலியும் முடக்கமும் குறைந்திருந்தன. எல்லோருக்கும் அல்ல, அதையும் சொல்லிவிடவேண்டும்.

எனக்கு வலி போகவில்லை. முன்பெல்லாம் கழுத்தில் ஒரு சுளுக்கு வந்தால் உடனே கணக்கு ஓடும்: நாளைக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பான், மகள் பீஸ் கட்ட முடியாது, குடியுரிமை இல்லாத ஆளுக்கு வேறு வேலை யார் தருவார்கள். கணக்கு ஓட ஓடக் கழுத்து இன்னும் இறுகும். இப்போது கணக்கு தொடங்குவதை முன்னமே பிடித்துவிடுகிறேன். மூச்சை நீட்டி விடுகிறேன், தோளை இறக்குகிறேன், துணியை மிஷினுக்குள் விடுகிறேன். மிச்சம் இருப்பது வெறும் கழுத்து வலி. கை மரத்துப் போனாலோ விரலில் பிடிமானம் குறைந்தாலோ அது தியானத்துக்கு உரியதல்ல, டாக்டரிடம் போய்த்தான் ஆகவேண்டும்.

கம்பெனியிலும் போன வருடம் டீ இடைவேளையில் தியான வகுப்பு வைத்தார்கள். வகுப்பு நல்ல வகுப்புத்தான், ஆனால் நாங்கள் உட்காருவது இன்னும் முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில். சாய்வு நாற்காலி கேட்டு லைன் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். “பார்க்கலாமுங்க” என்றார் சூப்பர்வைசர். தீபாவளி போனஸ் பேச்சோடு சேர்த்து இதையும் மறுபடி கேட்பதாக இருக்கிறோம்.