தம்பியின் ஃபைல்

தேயிலைக் கொழுந்து ஏற்றிய ட்ராக்டர் பள்ளத்தில் புரண்டதில் தம்பிக்கு முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் சக்கர நாற்காலி பழகிவிட்டு எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தால் வாசலில் ஏழு படி! தோட்ட நிர்வாகத்தில் கொஞ்சம் காசோடு ஒரு தாளை நீட்டி, "சைன் வைங்க" என்றார்கள். தாள் சிங்களத்தில் இருந்தது. அம்மா பேனாவையே வாங்கவில்லை. நல்லவேளை.

அப்புறம்தான் இலங்கைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனோம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, வசதியில்லாதவர்களுக்குச் சட்டத்தரணி வைத்துத் தருவார்கள். வேலையில் நடந்த விபத்துக்கு 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறதாம். இத்தனை காலமாக இருந்தும் எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. டயக்னோசிஸ் கார்ட் (வைத்தியசாலையில் தரும் நோய் விவர அட்டை), பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சம்பளச் சீட்டு கேட்டார்கள். சம்பளச் சீட்டையெல்லாம் அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம்.