கேட்டது அரை மணி நேரம்

சில ஆண்டுகள் ஆகியும் அந்த உரையாடலை நான் மனத்துக்குள் திருத்தி எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். பணிப்பட்டியல் போடும் பொறுப்பு என்னுடையது. வார்டின் மூத்த செவிலியர் என் முன் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கியிருந்தார், மாதவிடாய் ஒழுங்கு தப்பி ஓராண்டாகியிருந்தது. "காலையில எழுந்ததும் விரல் மடங்க மாட்டேங்குது மேடம். இருபது நிமிஷத்துல சரியாயிடும். காலை டியூட்டிக்கு மட்டும் அரை மணி நேரம் தாமதமா வரலாமா?" என்று கேட்டார்.

நான் ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னேன். அதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். மூட்டு வீங்கியிருந்தாலோ, காலை இறுக்கம் ஒரு மணி நேரம் நீடித்தாலோ முடக்குவாதம் இல்லை என்று உறுதிசெய்யத்தான் வேண்டும். தைராய்டு கோளாறும் இதே வலியைத் தரும். எல்லாமே இயல்பு என்று முடிவு வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்தவுடன் எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது. நோய் இல்லாதவருக்கும் இரக்கம் காட்டுகிறேன் என்ற நினைப்பில், அவரை வார்டிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பார்க்கும் பதிவேட்டு வேலைக்கு மாற்றினேன்.

ஆறு வாரம் கழித்து அந்த அறைக்குள் போனபோது அவர் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றி எழுந்தார். முதல் அடி வைப்பதற்கு முன் முழங்கால் இசையும்வரை சற்று நின்றார். "நான் நாற்காலி கேக்கலையே மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரியாததால் நடந்த பிழை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மூட்டுச் சவ்விலும் தசைநாரிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உணரும் ஏற்பிகள் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறையும்போது வலியும் இறுக்கமும் வரலாம், தசையின் வலுவும் இறங்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரை எடுக்கும் பெண்களிடம், "மூட்டு வலி வரலாம், பயப்படாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவள் நான். நோயாளியிடம் ஏற்றுக்கொண்ட அதே காரணத்தைச் சக ஊழியரிடம் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்து மூட்டுவலியைப் பற்றி 1925-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. இந்த எலும்பு, தசை, மூட்டுத் தொல்லைகளையெல்லாம் சேர்த்து மாதவிடாய் நிறுத்தத்தின் ஒரு கூட்டறிகுறியாகப் பெயரிடும் முயற்சி 2024-ல்தான் நடந்தது. பெயர் இல்லாததால் கவனிக்கவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். அவர்தான் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தாரே.

அவரே கேட்டு வார்டுக்குத் திரும்பினார். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்தபடி வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்தார். முதல் வாரங்களில் வலி கூடியது போலிருந்ததாகவும், மெல்ல எடையைக் கூட்டியபின் தோள் இலேசானதாகவும் சொன்னார். காலையில் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி விரிப்பார். மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை பற்றியும் பேசியிருக்கிறார். சிலருக்கு அது மூட்டு வலியையும் ஓரளவு தணிக்கும், ஆனால் ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் போன்ற முன்வரலாறுகளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இரவில் தூக்கம் கெட்ட மறுநாள் வலி இரட்டிப்பாகிறது என்பதால், தொடர் இரவுப் பணி மட்டும் வேண்டாம் என்றார்.

அதையும் அரை மணி நேரத்தையும் இந்த முறை கொடுத்தேன். உடனே வேறு இருவர் வந்து கேட்டார்கள். ஒருவருக்கு மறுத்தேன், ஏழு மணிக்கு நோயாளிகளை ஒப்படைத்து வாங்க ஆள் வேண்டுமே. அந்த மறுப்பு நியாயம் என்று பகலில் தோன்றுகிறது.

பட்டியலில் நேர மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அவர் பெயருக்கு நேரே "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டுகிற தாள், அதனால் அப்படித்தான் எழுத முடியும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். எப்படி எழுதலாம் என்று அவரிடம் கேட்கவில்லை.