பதினோரு வருடம் கழித்து மறுபடியும் வகுப்பறை

மெல்போர்னில் ஓராண்டுக் கணக்கியல் முதுநிலைப் பட்டயத்தில் சேர்ந்து எட்டு வாரம் ஆகிறது. நான் படித்தது பொறியியல். பற்று (debit) எது, வரவு (credit) எது என்று முதல் இரண்டு வாரம் திணறினேன். வங்கி நம் பணத்தை 'வரவு' என்று போடுவது அவர்களுடைய ஏட்டின்படி, நம் ஏட்டில் அதே பணம் பற்று என்று புரிந்த இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

இந்த வாரம் குத்தகைக் கணக்கு. முன்பெல்லாம் நிறுவனங்கள் கடையை வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் வாடகைச் செலவை மட்டும் எழுதினால் போதும். 2019-இல் தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து விதி மாறியதால் அப்படி முடியாது. பத்து வருடக் குத்தகை என்றால், இனி கட்ட வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பு (வட்டியைக் கழித்தது) கடனாக இருப்புநிலைக் குறிப்பில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியலில், ஏறும். அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை சொத்தாக ஏறும். மறைந்து கிடந்த கடன் வெளியே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

ஊரில் அப்பா மளிகைக் கடைப் பேரேட்டை முடிக்காமல் இரவுச் சாப்பாட்டில் உட்கார மாட்டார். நேற்று அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம கடை வாடகையையும் இப்படித்தான் எழுதணுமாப்பா?" என்றார். சின்னக் கடைகளுக்கு வேண்டாம்ப்பா என்றேன். "சரி, இருந்தாலும் ஒருதடவ போட்டுக் காட்டு" என்றார். இன்று இரவு போட்டு அனுப்பப் போகிறேன்.