மெக்காய் ஷூட்டிங் டைரி

மார்ச் 8, 2020, ஞாயிறு

இன்னைக்குத்தான் முதல் தடவையா கேமராவோட போனோம். ரோட் ஐலண்டு மாநிலத்துல பாடக்கெட்னு ஒரு ஊரு, அங்க மெக்காய் ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸ்ங்கற பெரிய பேஸ்பால் டீமுக்கு ஒரு படி கீழ ஆடுற பாசாக்ஸ் டீமோட கிரவுண்டு. டிரிபிள் ஏ லெவல். பெரிய லீக்குக்குப் போகக் காத்திட்டிருக்கிற பசங்களும், அங்க போயிட்டுத் திரும்பி வந்தவங்களும் ஒண்ணா ஆடுற இடம்.

எனக்கு பேஸ்பால் பெருசா தெரியாது, நான் சவுண்டு ஆளு. வார நாள்ல ஐடி வேலை, சனி ஞாயிறு யாராச்சும் கூப்பிட்டா மைக்கத் தூக்கிட்டுப் போயிடுவேன். படம் ஒரு டாக்குமெண்டரி, என் ஃப்ரெண்டோடது, அவன்தான் டைரக்டர். அவன் இதே ஊர்ல பொறந்து வளந்தவன், அப்பா தோள்ல உக்காந்து இந்த கிரவுண்டுக்கு வந்தவன். பணம் பாதி அவன் சேமிப்பு, பாதி எங்க ரெண்டு பேர் கிரெடிட் கார்டு. டீம் மொத்தம் நாலு பேர்.

பிளான் ரொம்ப சிம்பிள். 2021ல டீம் மாசசூசெட்ஸ்ல வூஸ்டருக்குப் போகப்போகுதுன்னு 2018 ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க. அப்போ இந்த வருஷம்தான் கடைசி சீசன். உள்ளூர்ல எழுபது மேட்ச் இருக்கும், அதுல ஒரு இருபதை எடுத்தா படம் தானா வந்துரும்னு டைரக்டர் சொல்றான். தானா வர்ற படம் எதையும் நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, இருந்தாலும் சரின்னுட்டேன்.

இந்த இடமே சதுப்பு நிலமாம், ஒரு குளத்தைத் தூத்துத்தான் கட்டிருக்காங்க. கொட்டக் கொட்ட உள்ள போய்ட்டே இருந்து செலவு எங்கயோ போயிருச்சு, 1942ல ஒருவழியா திறந்துருக்காங்க. அப்போ மேயரா இருந்த தாமஸ் மெக்காயை ஊரே கிண்டல் பண்ணுச்சாம், பின்னாடி அவர் பேரையே வெச்சுட்டாங்க.

மார்ச் 13

சீசனுக்கு முன்னாடி நடக்கற ஸ்பிரிங் டிரெய்னிங்க நேத்து கொரோனாவால நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரத்துல சரியாயிடும்ங்கறான் டைரக்டர். சரி பாப்போம்.

ஏப்ரல் 19, விடிகாலை

தூக்கம் வரல, அதனால எழுதறேன். நேத்து ராத்திரி தனியா கார்ல போய் மெக்காய்க்கு வெளிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். ஊரடங்கு, தெருவுல ஒரு ஆள் இல்ல. எதுக்குப் போனேன்னா, 1981ல இதே ஏப்ரல் 18, அதுவும் சனிக்கிழமைதான், தொழில்முறை பேஸ்பால்லயே ரொம்ப நீளமான மேட்ச் இங்கதான் ஆரம்பிச்சுது. பாடக்கெட் டீமும் ரோச்செஸ்டர் டீமும். ஒன்பது இன்னிங்ஸ்ல முடிய வேண்டியது 33 இன்னிங்ஸ் போச்சு.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, பேஸ்பால்ல டிராங்கற பேச்சே இல்ல, சமமா இருந்தா ஆடிட்டே இருக்கணும். விளக்குல ஏதோ கோளாறாகி அரைமணி லேட்டா ஆரம்பிச்சுருக்கு. ராத்திரி 12.50க்கு மேல புது இன்னிங்ஸ் ஆரம்பிக்கக் கூடாதுன்னு லீக்ல ஒரு விதி இருந்துச்சு, ஆனா அம்பயர் கையில இருந்த புத்தகத்துல அந்த வரி இல்ல! குளிர்ல ஆட்டக்காரங்க உடைஞ்ச பேட்டையெல்லாம் டிரம்ல போட்டு எரிச்சுக் குளிர் காஞ்சுருக்காங்க. 21வது இன்னிங்ஸ்ல ரோச்செஸ்டர் ஒரு ரன் எடுத்துருச்சு, அப்பாடா முடிஞ்சுதுன்னு பாத்தா பாடக்கெட்டோட வேட் பாக்ஸ் அடிச்சு சமம் பண்ணிட்டாரு. கூட ஆடினவங்களுக்கே அவரைக் கட்டிப்பிடிக்கறதா நாலு சாத்து சாத்தறதான்னு தெரிஞ்சிருக்காது. கடைசில லீக் தலைவரை போன்ல புடிச்சு 4 மணி 7 நிமிஷத்துக்கு நிறுத்துனாங்க. 32 இன்னிங்ஸ், 2க்கு 2. ஆரம்பத்துல 1,740 பேர் இருந்த ஸ்டாண்டுல அப்போ மிச்சம் 19 பேர். வெளிய ஈஸ்டர் விடிஞ்சிட்டிருக்கு. பந்து எறியற பிட்சர் ஒருத்தரை பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடலன்னு ஒரு கதை இருக்கு. காலைல நாலு மணி வரைக்கும் பேஸ்பால் ஆடினேன்னா யார் நம்புவா.

மிச்சத்தை ஜூன் 23ல ஆடினாங்க. பதினெட்டே நிமிஷம். டேவ் கோசா அடிச்சாரு, 3க்கு 2, பாடக்கெட் ஜெயிச்சுருச்சு. அந்த நேரம் பெரிய லீக்ல ஆட்டக்காரங்க வேலைநிறுத்தம், அதனால எழுதறதுக்கு வேற மேட்ச் இல்லாத பத்திரிகைக்காரங்க பூரா இங்க வந்துட்டாங்க. வேட் பாக்ஸும் ரோச்செஸ்டருக்கு ஆடின கால் ரிப்கனும் பின்னாடி பேஸ்பாலோட பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம் வரைக்கும் போனாங்க. ஜெயிக்க வெச்ச கோசா பெரிய லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல.

டைரக்டருக்கு படமே இதுதான். எனக்கு அப்படித் தோணல. எல்லாரும் எழுதித் தீத்த கதை, நாங்க தேடின வரைக்கும் அந்த ராத்திரியோட வீடியோவும் கிடைக்கல, சும்மா போட்டோவை மெதுவா ஜூம் பண்ணிப் பின்னாடி பியானோ போடணும். வேண்டாம்டான்னேன். கொஞ்சம் வாய்த்தகராறு ஆயிருச்சு.

4.07க்கு ரெக்கார்டரை ஆன் பண்ணி பத்து நிமிஷம் எடுத்தேன். ஒரு கொடிக்கம்பத்துல கயிறு அடிச்சுக்கற சத்தம் மட்டும்தான்.

ஜூன் 27

கிரவுண்டுக்குள்ள சாப்பாடு போடறாங்க! மேட்ச் இல்லாததால புல்தரையில தள்ளித் தள்ளி டேபிள் போட்டு புக்கிங்ல ஹோட்டல் மாதிரி நடத்தறாங்க, ஊரே அடிச்சுப்புடிச்சு டிக்கெட் வாங்குது. நாங்களும் ஒரு டேபிள் வாங்கிட்டோம். ஷூட்டிங் செலவுல பர்கர் பில்லு.

பக்கத்து டேபிள்ல ஒரு பாட்டி, செருப்பைக் கழட்டிட்டு வெறும் கால புல்லுல வெச்சு சாப்பாடு முடியற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க. கேமராமேன் அதை எடுத்துட்டான். நான் கெச்சப் பாட்டிலுக்குப் பின்னாடி மைக்க வெச்சிருந்தேன், முள்கரண்டி சத்தமும் குழந்தைங்க பேஸ் சுத்தி ஓடற சத்தமும் கிடைச்சுது.

ஜூன் 30

சீசன் ரத்து. பெரிய லீக்குக்குக் கீழ இருக்கிற மைனர் லீக் முழுசுக்குமே. ஏப்ரல்ல இருந்து இந்த ஆட்டக்காரப் பசங்க வாரம் 400 டாலர்லதான் ஓட்டிட்டிருக்காங்க, அவங்களைப் பாத்தா நம்ம கவலையெல்லாம் கவலையே இல்ல.

அம்மாவுக்கு போன் பண்ணேன். ஆட்டமே இல்லங்கற, அப்புறம் எதடா படம் புடிக்கற, கல்யாணம் நின்னுபோன மண்டபத்துல போய் வீடியோ எடுக்கற மாதிரின்னாங்க. டைரக்டர்கிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் சிரிக்கல.

ஜூலை 25

ரெட் சாக்ஸோட ரிசர்வ் ஆட்டக்காரங்க இப்போ மெக்காய்லதான் பிராக்டிஸ் பண்றாங்க. கொரோனா விதி, வெளியாளுக்கு உள்ள அனுமதி கிடையாது. அதனால மதிலுக்கு வெளிய நடைபாதையில மைக் மாட்டின பூம் கம்பை உயரத் தூக்கிப் புடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன். போறவங்க வர்றவங்க எல்லாம் என்ன மீன் புடிக்கிறியான்னு கேட்டாங்க.

ஆனா கிடைச்சுது பாருங்க! பேட்டு சத்தம். நம்ம கிரிக்கெட் பேட்டு மெத்துனு டப்புனு கேக்கும், அது வில்லோ. இது மேப்பிள் கட்டை, நடுவுல பட்டா எலும்பு முறியற மாதிரி டக்குனு கேக்குது, காலி ஸ்டாண்டுல மோதி ஒரு நொடி கழிச்சு திரும்பி வருது. கூட்டம் இருந்திருந்தா அந்த எதிரொலி கேட்டே இருக்காது. மேட்ச் இல்லாததால எங்களுக்குக் கிடைச்ச ஒரே லாபம் இதுதான்னு நினைக்கறேன்.

செப்டம்பர் 12, சனி

இன்னைக்கு எடுத்ததுதான் படம். டைரக்டரும் ஒத்துக்கிட்டான், வாயால சொல்லல, ஆனா வழக்கத்துக்கு மாறா அவனே லஞ்ச் வாங்கிக் குடுத்தான்.

மெக்காய்ல ஒரு விசேஷம். ஆட்டக்காரங்க உக்கார்ற டகவுட் தரைமட்டத்துல இருக்கும், ஸ்டாண்டோட முதல் வரிசை அதுக்கு நேர் மேல ஆள் உயரத்துக்கும் மேல இருக்கும். ஆட்டோகிராஃப் வாங்கணும்னா கை எட்டாது. அதனால பசங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு கேலன், அதாவது நாலு லிட்டர் கிட்ட பிடிக்கிற பால் கேன் இருக்குல்ல, பிளாஸ்டிக்குல, அதோட பக்கத்துல ஒரு ஓட்டை வெட்டி, உள்ள பந்தும் பேனாவும் போட்டு, கைப்பிடில கயிறு கட்டி டகவுட் முன்னாடி தொங்க விடறது. உள்ள இருக்கறவர் எடுத்து கையெழுத்து போட்டுட்டு கயிறை ஒரு இழு இழுப்பாரு. மேல தூக்கிக்கலாம். மீன் பிடிக்கறதுன்னே பேரு அதுக்கு. ஜூலைல தெருவுல போனவங்க என்னைக் கேட்ட கேள்விக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சுது.

ஸ்டேடியம் பக்கத்துத் தெருவுல அந்தப் பக்கத்துல நிறைய பாக்கற மூணு மாடி மரவீடு, மூணாவது மாடில ஒரு பெரியவர். வயசு எழுபதுக்கு மேல. நாங்க மாஸ்க்கோட கீழ முற்றத்துல, அவர் மேல பால்கனில. அந்தக் காலத்துக் கேனை இன்னும் வெச்சிருக்காரு, பழுப்பேறி விளிம்பெல்லாம் இன்சுலேஷன் டேப்பு. எப்படின்னு காட்டுங்களேன்னோம். உள்ள போய் பந்தைப் போட்டு எடுத்துட்டு வந்து பால்கனில இருந்து இறக்க ஆரம்பிச்சாரு. எனக்கு உடனே மதுரைல எங்க பாட்டி மாடில இருந்து கூடைய இறக்கி கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசறது ஞாபகம் வந்துருச்சு, அதே மாதிரிதான், விரல்ல கயிறை ரெண்டு சுத்து சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா விடறாரு, கேன் மரச்சுவத்துல உரசி கரகரன்னு இறங்குது, உள்ள பேனா உருண்டு பந்துல முட்டுது. மைக்குக்கு அரையடில வந்து நின்னுச்சு.

கீழ யாரும் எடுக்கல. நாங்க என்ன பண்றதுன்னு தெரியாம நின்னோம். கடைசில கேமராமேன் கேமராவை டிரைபாட்ல விட்டுட்டுப் போய் பேனாவை எடுத்து பந்துல தன் பேரை எழுதி கயிறை ஒரு இழு இழுத்தான். அவர் மேல தூக்கி, கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, இந்த ஆளு டீம்ல எந்த பொசிஷன்ல ஆடறாருன்னு கேட்டாரு.

டிசம்பர் 10

160 டீமா இருந்த மைனர் லீக்க 120ஆ வெட்டிட்டாங்க, நேத்து லிஸ்ட் வந்துச்சு. வூஸ்டர் இருக்கு. பல சின்ன ஊருங்க இல்ல. எடிட்டிங் ஆரம்பிச்சாச்சு. 33 இன்னிங்ஸ் கதைக்கு டைரக்டர் பன்னெண்டு நிமிஷம் கேக்கறான், நான் நாலுங்கறேன்.

நவம்பர் 22, 2025

ரொம்ப நாள் கழிச்சு இந்த டைரியத் திறக்கறேன். படம் 58 நிமிஷம், சில லைப்ரரிலயும் ஒரு சர்ச் ஹால்லயும் போட்டோம், கிரெடிட் கார்டு கடன் போன வருஷம்தான் முடிஞ்சுது. 33 இன்னிங்ஸுக்கு ஏழு நிமிஷம் கிடைச்சுது.

மெக்காயை இந்த வருஷம் இடிச்சுட்டாங்க. அந்த இடத்துல ஹைஸ்கூல் வருது. நல்ல விஷயம்தான், பசங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும். இன்னைக்கு பழைய ஹார்ட் டிஸ்க்க ஒழுங்கு பண்ணும்போது ஜூலை 25 ஃபைல் கண்ணுல பட்டுச்சு, ஹெட்போன்ல கேட்டேன். டக். ஒரு நொடி. டக்.

பாதில யாரோ, மீன் ஏதாச்சும் மாட்டுச்சான்னு கேக்கறாங்க. படத்துல அதை வெட்டிட்டோம்.