டோல்மா லா கணவாய் வழியே கயிலைக் கிரிவலம்

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான எங்களுக்கு நேர்த்திக்கடன் என்றாலே உடம்பை வருத்திச் செலுத்துவதுதான். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டால் கரையில் இறக்கியது. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் எழுப்பிய கோயில்களில் தைப்பூசக் காவடியும் தீமிதியும் இன்றுவரை குறைவின்றி நடந்து வருகின்றன. விரதமிருந்து, வேல் குத்தி, ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நடந்து பழகிய கால்கள் எங்களுடையவை. கயிலாயத்துக்குப் புறப்பட்ட எங்கள் குழுவில் பெரும்பாலோர் காவடி எடுத்தவர்கள் என்பதால், ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் கிரிவலம் எங்களை என்ன செய்துவிடும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உள்ளூர இருந்தது. அந்த எண்ணம்தான் அந்த மலையில் ஒருவர் கொண்டு செல்லக் கூடாத முதல் சுமை என்பதை எங்கள் திபெத்திய வழிகாட்டி முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கயிலை மலையைச் சுற்றும் பாதை நெடுக ஆற்றுப் பள்ளத்தாக்குகளைத் தழுவியே செல்கிறது; ஓரிடத்தில் மட்டும் மேற்குப் பள்ளத்தாக்கை விட்டுக் கிழக்குப் பள்ளத்தாக்குக்குக் கடப்பதற்கு டோல்மா லா கணவாயை ஏறித் தாண்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 5,630 மீட்டர். அங்கே காற்றழுத்தம் டர்பன் கடற்கரையில் இருப்பதில் சுமார் பாதிதான். சைவர்களுக்குச் சிவனின் இருப்பிடமாகிய இம்மலை, பௌத்தர்களுக்கும் சமணர்களுக்கும் திபெத்தின் பழைய 'பொன்' (Bön) என்னும் சமயத்தாருக்கும் புனிதமானது. பொன் சமயத்தார் மட்டும் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், நமக்கு எதிரே நடந்து வந்து, சிரித்து, கடந்து போவார்கள். சிகரத்தின் உச்சியில் இதுவரை எந்த மனிதரும் கால் வைத்ததில்லை.

எங்கள் நாட்டவர் இந்தப் பயணத்துக்கு எடுக்க வேண்டிய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் காத்மாண்டு சென்று, அங்கே சீனக் குழு விசாவுக்காகக் காத்திருந்து, திபெத்துக்கான தனி அனுமதியுடனும் உரிமம் பெற்ற வழிகாட்டியுடனும்தான் எல்லையைக் கடக்க முடியும். நாங்கள் கெய்ரோங் வழியாகச் சாலையில் சென்றோம். விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் சிமிகோட், ஹில்சா வழியாக விரைவாகப் போகலாம் என்றாலும், உயரத்துக்கு உடம்பு பழகுவதற்குச் சாலை வழியே நல்லது என்பது என் முடிவு. கெய்ரோங்கில் ஓய்வு, பிறகு 4,500 மீட்டரை ஒட்டிய சாகாவில் ஓய்வு, அதன்பின் 5,200 மீட்டரைத் தாண்டும் மாயும் லா கணவாயை வண்டியிலேயே கடந்து மானசரோவர் என்று படிப்படியாக ஏறுவதில் ஒரு நிதானம் இருக்கிறது.

புறப்படுவதற்கு முன் டிராக்கன்ஸ்பர்க் மலையில் பயிற்சி எடுத்தோம். சானி கணவாயின் கற்பாதையில் லெசோத்தோ எல்லை வரை ஏறி இறங்கினோம். சென்டினல் பக்கத்தில் இரும்புச் சங்கிலி ஏணிகளைப் பிடித்து ஆம்பிதியேட்டர் என்னும் பாறைச் சுவரின் மேல்தளத்துக்குப் போனோம். கால்களுக்கும் முழங்கால்களுக்கும் அந்தப் பயிற்சி பெரிதும் உதவியது. ஆனால் சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். தென்னாப்பிரிக்க மண்ணில் எங்கே ஏறினாலும் நாங்கள் சாகாவில் படுத்து உறங்கிய உயரத்தைத் தொட முடியாது. கடலோரத்தில் வாழும் நமக்கு மெல்லிய காற்றை முன்கூட்டிப் பழக்கிக்கொள்ள ஊரில் வழியில்லை; அதை அங்கே போய் மெதுவாகத்தான் பழக வேண்டும். மருத்துவர் சொல்லி உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு விரல் நுனிகள் மரத்துப்போனதும், இரவில் பலமுறை எழுந்து கூடாரத்துக்கு வெளியே போக நேர்ந்ததும் எங்கள் குழுவின் தீராத வேடிக்கைப் பேச்சாயின.

விரதம் பற்றித்தான் பெரிய விவாதம் நடந்தது. கிரிவலம் முடியும் வரை ஒருவேளை உணவு மட்டும் என்று சிலர் வேண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வழிகாட்டி அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். உயரத்தில் பசி தானாகவே அடங்கிவிடும், ஆகவே பசிக்காதபோதும் உண்ண வேண்டும், தாகமில்லாதபோதும் குடிக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. நேபாளச் சமையற்காரர்கள் பூண்டுச் சாறும் இஞ்சித் தேநீரும் கஞ்சியும் மாறி மாறிக் கொடுத்தார்கள். பூண்டுச் சாறு உயர நோயைத் தடுக்கும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அது மருந்தோ இல்லையோ, அந்தக் குளிரில் சூடாக எது கிடைத்தாலும் அமுதம்தான். வேண்டிக்கொண்டவர்கள் கடைசியில், சோற்றை விடுவதற்குப் பதிலாகச் சர்க்கரையை விட்டுவிடுவதாகச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

மானசரோவரில் ஏரிக்குள் இறங்க அனுமதி இல்லை. வாளியில் நீர் முகந்து, கரையிலிருந்து தள்ளி நின்று தலையில் ஊற்றிக்கொண்டோம். தெற்கே குர்லா மாந்தாதா வெள்ளைச் சுவராக நிற்க, வடக்கே கயிலை முடி மட்டும் மேகத்துக்கு வெளியே தெரிந்தது. பதிகங்களைப் பாடினோம், எங்களில் இளையவர்களுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது என்பதால், டர்பன் கோயில்களில் வழக்கமாகச் செய்வது போல ஆங்கில எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்துத்தான் பாடினார்கள். உச்சரிப்பு எப்படியிருந்தாலும் பண் பிசகவில்லை.

மலையடிவார ஊரான டார்ச்சனிலிருந்து சற்றுத் தொலைவு வண்டியில் சென்று, யமத்துவாரம் என்று நம்மவர் அழைக்கும் சிறிய தூபியின் வாயிலுக்குள் நுழைந்து நடையைத் தொடங்கினோம். குதிரைகளையும் சுமையாளர்களையும் உள்ளூர் மக்களே குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். நமக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க இயலாது. எனக்கு வாய்த்த சுமையாளர் ஓர் இளம்பெண். என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் ஒரு கல்லின் மேல் அமர்ந்து கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். லா சூ ஆற்றின் ஓரமாக மேற்குப் பள்ளத்தாக்கில் செல்லும் அந்த நாளின் பாதை அதிகம் ஏறாதது. செந்நிறப் பாறைச் சுவர்களிலிருந்து நீர்வீழ்ச்சிகள் நூலாக இறங்குகின்றன. உடலால் நிலத்தை அளந்து விழுந்து வணங்கியபடியே சுற்றும் திபெத்தியர்களை அங்கேதான் முதலில் கண்டோம். நெற்றியில் புழுதி, கைகளில் மரக்கட்டைச் செருப்பு, இடுப்பில் தோல் ஏப்ரன். வேல் குத்துவது தொடங்கித் தீமிதி வரை எல்லாம் பார்த்த எங்கள் காவடிக்காரர்கள் அவர்களைக் கண்டு வாயடைத்துப் போனார்கள்.

டிராபுக்கை அடைந்தபோது மாலை. மூன்று குன்றுகளுக்கிடையே கயிலையின் வடக்கு முகம் அடி முதல் முடி வரை தடையின்றித் தெரியும் இடம் அது. உயரம் ஏறத்தாழ 5,000 மீட்டர். வெளியில் கற்பூரம் ஏற்ற முயன்றோம், காற்று விடவில்லை. திருநீறு அணிந்து, கும்பிட்டு, உள்ளே வந்ததும் வழிகாட்டி ஒவ்வொருவர் விரலிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினார். பெரும்பாலோருக்கு 80ஐ ஒட்டி வந்தது. ஊரில் அந்த எண் வந்தால் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள், அங்கே அது சாதாரணம். டோங்காட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுக்கு மட்டும் அதைவிட மிகவும் குறைவு. தலைவலியும் வாந்தியும் இருந்தன. குதிகாலையும் கால்விரலையும் ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார் வழிகாட்டி. பெரியம்மாவால் முடியவில்லை.

அதன்பின் வழிகாட்டி விவாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. தள்ளாட்டம் மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மேலே போவது மருந்தாகாது, கீழே இறங்குவதுதான் மருந்து என்றார். பெரியம்மாவின் மகன் கெஞ்சினார்; குதிரையில் ஏற்றிக் கொண்டுபோகலாம், ஆக்சிஜன் உருளை இருக்கிறதே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். குதிரை ஏறும், ஆனால் நோயும் கூடவே ஏறும் என்பது பதில். நாங்கள் எல்லோரும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றபோது பெரியம்மாவே மகனைப் பார்த்துச் சொன்னார்: "விடுடா தம்பி. அப்பரையே வழியில நிறுத்தித் திருப்பி அனுப்பின மலை இது. நான் வடக்கு முகம் வரைக்கும் பாத்துட்டேன், அவருக்கு அதுகூடக் கிடைக்கல."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை அன்றிரவு படுக்கையில் நினைத்துக்கொண்டிருந்தேன். கயிலைக்குப் புறப்பட்ட திருநாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டு போயும் அங்கே சேரவில்லை. இறைவனே முனிவர் வடிவில் வந்து தடுத்தார். பொய்கையில் மூழ்கி எழச் சொன்னார். எழுந்தது திருவையாற்றில், கயிலைக் காட்சி கிடைத்ததும் அங்கேதான். வருத்திக்கொள்வதைப் பற்றி நாம் இக்கதையை எத்தனை முறை சொல்கிறோம். அவர் தடுக்கப்பட்டபோது கீழ்ப்படிந்தார் என்ற பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. பெரியம்மா ஒரு சேலைத் துண்டை மகன் கையில் கொடுத்துவிட்டு இரவோடு இரவாக வண்டியில் டார்ச்சனுக்கு இறக்கப்பட்டார்.

நாடு முழுவதும் பெய்ஜிங் நேரத்தையே பின்பற்றுவதால் மேற்குத் திபெத்தில் கடிகாரம் காலை என்று சொல்லும்போதும் வெளியே கும்மிருட்டாக இருக்கிறது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். பிற்பகலில் காற்றும் பனியும் கிளம்பிவிடும் என்பதால் நண்பகலுக்கு முன் கணவாயைக் கடந்துவிட வேண்டும். ஆனால் அதற்காக ஓடவும் கூடாது. வழிகாட்டி எல்லோருக்கும் முன்னால் நின்று, தம்மை யாரும் தாண்டக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்தார். இரண்டு அடிக்கு ஒரு மூச்சு, ஏற்றம் கடுமையானால் ஓர் அடிக்கு ஒரு மூச்சு. நமசிவாய என்ற ஐந்தெழுத்தை ஓர் அடிக்கு ஓர் எழுத்தாகப் பிரித்து நடந்தபோது அந்த வேகம் தானாகவே அமைந்துவிட்டது. பேசியவர்கள் தவித்தார்கள், பேசாதவர்கள் ஏறினார்கள்.

ஏற்றத்தின் நடுவே சிவஸ்தலம் என்னும் மேடு வருகிறது. யாத்திரிகர்கள் தங்கள் ஆடை ஒன்றையோ முடிக்கற்றையையோ அங்கே விட்டு, இறந்து பிறந்ததாகப் பாவித்துக்கொள்கிறார்கள். கருத்து ஆழமானது. காட்சியோ, நைலான் சட்டைகளும் காலணிகளும் மட்கிப்போகாமல் பாறைகளைப் போர்த்திக் கிடப்பது. பெரியம்மாவின் மகன் அந்தப் பருத்தித் துண்டை ஒரு கல்லின் அடியில் வைத்தார். மற்றவர்கள் சில முடிகளை மட்டும் விட்டோம். இனிப் போகிறவர்களும் பிளாஸ்டிக் கலந்த எதையும் அங்கே விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உச்சியில் டோல்மா பாறை, பிரார்த்தனைக் கொடிகளால் முழுவதும் மூடப்பட்டு நிற்கிறது. டோல்மா என்பவள் தாராதேவி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழியே முதன்முதலில் சுற்றிய கோட்சாங்பா என்னும் துறவி வழி தவறியபோது, இருபத்தொரு தாராக்கள் ஓநாய்களாக வந்து அவரைக் கணவாய்க்கு இட்டுச் சென்று இந்தப் பாறைக்குள் மறைந்தார்கள் என்று திபெத்தியர் நம்புகிறார்கள். பாறையை மூன்று முறை வலம்வந்தோம். கண்ணீர் விட்டவர்கள் உண்டு. ஆனால் வழிகாட்டி பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உட்கார விடவில்லை. அந்த உயரத்தில் வரும் அசதி இனிமையானது, அதுதான் ஆபத்து என்றார்.

உச்சியைத் தாண்டியதும் வலப்பக்கப் பள்ளத்தில் கௌரி குண்டம் பச்சை நிறத்தில் கிடக்கிறது. பார்வதி நீராடிய குளம் என்பது நம் மரபு. அதன் கரைக்குச் செல்லும் சரிவு செங்குத்தானது என்பதால் யாத்திரிகர் இறங்காமல், சுமையாளர்களே நீரை முகந்து வருகிறார்கள். இங்கிருந்து இறக்கம் தொடங்குகிறது. குதிரையில் வந்தவர்களும் இறங்கி நடந்தே தீர வேண்டும், ஏனெனில் கல்லும் பனியுமான அந்தச் சரிவில் குதிரைக்காரர்கள் யாரையும் ஏற்றிச் செல்வதில்லை. ஏற்றத்தை எண்ணி அஞ்சுகிறவர்கள் இந்த இறக்கத்தை எண்ணுவதில்லை. முழங்கால் வலி இங்கேதான் வருகிறது. சானி கணவாயில் இறங்கிப் பழகியது எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது இந்த இடத்தில். பிறகு கிழக்குப் பள்ளத்தாக்கின் சமநிலத்தில் முடிவற்றதாகத் தோன்றும் நடை. டிராபுக்கிலிருந்து ஜுதுல்புக் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர். திபெத்தியத் துறவி மிலரேபா தவம் செய்த குகை அங்கே இருக்கிறது. அதன் பாறையில் பதிந்துள்ள அவருடைய கைத்தடத்தை மறுநாள் காலையில்தான் பார்க்க முடிந்தது, இரவில் யாருக்கும் காலணியைக் கழற்றவும் தெம்பில்லை.

கடைசி நாளின் நடை குறுகியது. வண்டி நின்ற இடத்துக்குப் பெரியம்மாவும் வந்திருந்தார்; இறங்கிய மறுநாளே தலைவலி நின்று, கஞ்சி இரண்டு கிண்ணம் சாப்பிட்டதாகச் சொன்னார். 2026 குதிரை ஆண்டு என்றும், அவ்வாண்டில் ஒரு சுற்று பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்றும் திபெத்தியர் நம்புவதை வழிகாட்டி எங்களுக்குச் சொன்னபோது, கூட்டம் அதிகமாக இருக்குமா, அறை கிடைக்குமா என்று முதலில் விசாரித்தவர் அவர்தான்.