40 ஜிபியும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

மன்னார்குடியில் நான் டிடிபி கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. பழையதை எடைக்குப் போட்டுவிடலாம் என்றான் பையன். அதில் இருந்த 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி டிராயரில் போட்டுவைத்தேன். எதுக்கும்மா என்றான். சும்மாதான் என்றேன்.

ஒரே வாரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். "அக்கா, 2006-ல என் கல்யாணப் பத்திரிகை நீங்கதான் அடிச்சுக் குடுத்தீங்க. இருக்குமா?" அவள் வைத்திருந்த பத்திரிகை கஜா புயலில் ஓடு பறந்தபோது நனைந்து கூழாகிவிட்டதாம். இப்போது மகளுக்கு மஞ்சள் நீராட்டு. சொந்தக்காரர்கள் பெயரை எந்த வரிசையில் போட்டார்கள் என்று தெரிந்தாக வேண்டும். சிரிக்காதீர்கள். பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் ஏறினால் என்ன ஆகும் என்று பத்திரிகை அடிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கின் இணைப்பு ஐடிஇ என்கிற பழைய வகை. 40 பின், பட்டை கேபிள். புது மதர்போர்டில் இருப்பதெல்லாம் சாட்டா என்கிற புது வகை, இது அதில் நுழையாது. யுஎஸ்பியில் மாட்டுகிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிச் செருகினேன், டிஸ்க் முனகக்கூட இல்லை. லேப்டாப் டிஸ்க்குக்கு யுஎஸ்பி தருகிற 5 வோல்ட் போதும். இந்த மூன்றரை இஞ்ச் தடியனுக்கு 12 வோல்ட்டும் வேண்டுமாம். பவர் அடாப்டரோடு வேறொன்று வாங்கினேன், காசு தண்டம். இப்போது சுற்றியது, ஆனால் திரையில் காணோம். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது முதல் ('மாஸ்டர்'), எது இரண்டாவது ('ஸ்லேவ்') என்று சொல்கிற குட்டிச் செருகி, ஜம்பர், பின்பக்கம் 'ஸ்லேவ்' இடத்தில் இருந்தது. எப்போதோ இன்னொரு டிஸ்க் போட்டபோது அப்படி மாற்றியது நானேதான். புருவம் பிடுங்குகிற பிளக்கரால் அதைப் பிடுங்கி 'மாஸ்டரில்' குத்தினேன். வந்துவிட்டது, 37.2 ஜிபி என்று. மிச்சத்தை யாரும் திருடவில்லை. டிஸ்க் கம்பெனிக்கு ஆயிரம் கணக்கு, விண்டோஸுக்கு 1024 கணக்கு.

என் ஃபோல்டரையே திறக்க எனக்கு அனுமதி இல்லை என்றது. ஓனரை மாற்றி, எல்லாவற்றையும் காப்பி போட்டேன்.

பத்திரிகை, பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் 6.5-ல் செய்தது. அதற்குப் பின் வந்த இன்டிசைனில் அதைத் திறக்கிற கடைசி வெர்ஷன் சிஎஸ்6-தான், பிறகு வந்தவை தொடாது. தெரிந்தவர் கடையில் சிஎஸ்6 இருந்தது. பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் பக்கம் முழுக்க ரோஸ் பட்டை, ஃபாண்ட் இல்லையாம். எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பை. எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. யாருக்கு யாரோடு கல்யாணம் என்று தெரியாது, முகூர்த்தம் 9.00 முதல் 10.30 என்பது தெரியும்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருக்கிற பழைய ஃபாண்ட் பாமினி. அதில் அடித்தவர்களுக்கு இந்தக் குப்பை புரியும். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றால் தமிழ். எம், ஜி, செமிகோலன், ஜி, ஹெச் என்றால் அப்பா. கண்ணால் படிக்க வராது. மேஜையில் விரலை வைத்து அடிப்பது போல ஓட்டினால் வந்துவிடும். மூன்று பெயரை அப்படியே படித்துக் காட்டினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முழுப் பத்திரிகையையும் அப்படிப் படிக்க முடியாதே. மை டாக்குமென்ட்ஸை எல்லாரும் காப்பி எடுக்கிறோம், ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை யார் எடுக்கிறோம்? நல்லவேளை, முன்பு விண்டோஸ் ஓடியதே இந்த டிஸ்க்கில்தான். உள்ளே பாமினி அப்படியே இருந்தது. அதைப் போட்டதும் குப்பை பத்திரிகையாகிவிட்டது.

மறுநாள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே போனாள். ஏழு பேருக்கு முன்னால் 'அமரர்' என்று எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "இதுல எங்க அண்ணன் பேர் இல்லக்கா" என்றாள். அவர் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர், அப்போது அப்பா எடுக்கச் சொல்லிவிட்டாராம். எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த ஃபோல்டரில் இரண்டு ஃபைல் இருந்தன, 'ஃபைனல்' என்று ஒன்று, 'புரூஃப்1' என்று ஒன்று. இரண்டாவதைத் திறந்து காட்டினேன். தங்கள் நல்வரவை விரும்பும் வரிசையில் முதல் பெயரே அவருடையதுதான்.

"சீர் கொண்டு வர்ற தாய்மாமன் அவங்கதானே. அந்தப் பேரை நல்லாப் பெருசாப் போடுங்க" என்றாள்.